பூந்தி மட்டும் நுழையும் கதவு

திண்டுக்கல் மேற்கு ரத வீதியில் பூட்டுக்கடை வைத்திருக்கும் மோகன்குமார் தன் வீட்டுப் பின்கதவில் ஓட்டை போடுவதற்கு ஆசாரியை வரச் சொல்லியிருந்தார். ஆசாரி வந்து சேர்வதற்கு முன்பே செய்தி கடைவீதியை ஒரு சுற்று சுற்றிவிட்டது. எதிர்க்கடை அப்துல் வாஹித் டீ கிளாஸும் கையுமாக நேரிலேயே விசாரிக்க வந்தார்.

"என்னண்ணே, வீட்டுக் கதவுல ஓட்டை போடுறீகளாம்ல?"

"பூனை போய்வர, பாய்."

"ஓ, பூனைக்கு" என்று சொல்லிவிட்டு வாஹித் டீயைக் குடித்தார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. நாலு வார்த்தை கேலி பேசியிருந்தால் மோகன்குமாரும் பதிலுக்கு எதையாவது சொல்லித் தப்பித்திருப்பார். பெரிய மனது பண்ணி அவர் பேசாமல் போனதுதான் மத்தியானச் சாப்பாடு வரைக்கும் நெஞ்சிலேயே நின்றது.

கேலிக்கு இடம் இருக்கத்தான் செய்தது. கடைக்கு வருகிறவர்களுக்குப் பூட்டை மட்டும் எடுத்துக் கொடுத்து அனுப்புகிற ஆள் இல்லை மோகன்குமார். கூடவே ஒரு பிரசங்கமும் உண்டு. கதவு சொத்தையாக இருந்தால் பூட்டு மட்டும் கனமாக இருந்து என்ன பயன் என்பார். நிலைக்கு மேலே சாவியை வைத்துவிட்டுப் போகிறவனுக்குப் பூட்டு எதற்கு, திருடனுக்கு ஒரு கடுதாசியும் எழுதி வைத்துவிட வேண்டியதுதானே என்பார். வாங்க வந்தவர்கள் சீக்கிரம் பில் போட்டால் போதும் என்று தலையை ஆட்டுவார்கள். அதை மரியாதை என்று இத்தனை காலமும் அவர் நினைத்துவந்தார்.

அந்த மனிதரின் வீட்டுக்குள்தான் நினைத்த நேரத்தில் நுழைந்து, பாலைக் குடித்து, மிதியடியில் மூத்திரம் பெய்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தது தெருவில் திரியும் ஒரு கடுவன் பூனை. உடம்பெல்லாம் வெள்ளை, மூக்குக்குக் கீழே மட்டும் மீசை மாதிரி கறுப்பு. தெருமுனை பிரியாணிக் கடையின் எலும்பைத் தின்று வளர்ந்த உடம்பு. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு யாரையும் கேட்காமல் வீடு வீடாக நுழைவதால் மோகன்குமாரின் மனைவி சொர்ணலட்சுமி அதற்குக் கவுன்சிலர் என்று பெயர் வைத்திருந்தாள்.

வீட்டில் வளர்ந்த பூனையின் பெயர் பூந்தி. அது தன்னுடைய பூனை இல்லை என்பதை மோகன்குமார் கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொல்லிவந்தார். மகள் தமிழ்மதியின் பூனை அது. அவள் போன ஆவணியில் ஆண்டனிராஜைக் கல்யாணம் செய்துகொண்டு கோயம்புத்தூரிலேயே தங்கிவிட்டாள். அங்கே இருவரும் ஒரே எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். மோகன்குமாருக்கு மாப்பிள்ளையின் மதமும் பிடிக்கவில்லை, சாதியும் பிடிக்கவில்லை. தன்னைக் கேட்காமல் முடிவெடுத்தது எல்லாவற்றுக்கும் மேலே பிடிக்கவில்லை. "போறதுன்னா போ. இனிமே இந்த வாசப்படி ஏறாத" என்று சொல்லிவிட்டார். மகள் அதை அப்படியே எடுத்துக்கொள்வாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. வீட்டில் அவர் சொல்வதை அதுவரை யாரும் அவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை.

பதிவு அலுவலகத்தில் நடந்த கல்யாணத்துக்குச் சொர்ணலட்சுமி குஜிலியம்பாறையிலிருந்து தன் தம்பியை வரவழைத்துக்கொண்டு போய்வந்தாள். மோகன்குமார் வழக்கம்போலக் கடையைத் திறந்தார். அன்றைக்கு ஒருவருக்கு ஒரு பூட்டையும் வேறொரு பூட்டின் சாவியையும் கட்டிக் கொடுத்தனுப்பிவிட்டார். அந்த ஆள் மறுநாள் வந்து போட்ட சத்தத்தைத் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். யாராவது தன்னைத் திட்டினால் தேவலை என்றுதான் அப்போது இருந்தது.

பிறகு மகளோடு பேச்சே இல்லை. அவள் தினமும் அம்மாவுக்குப் போன் செய்வாள். இவர் ஹாலில் டிவியைச் சின்னதாக வைத்துக்கொண்டு, அடுப்படியில் நடக்கும் பேச்சைக் கேட்காதது மாதிரி முழுதாகக் கேட்பார். ஒரு நாள் சாயங்காலம் வீடியோ கால் வந்த நேரம் சொர்ணலட்சுமியின் கையெல்லாம் மாவு. "செத்த நேரம் புடிங்க, பாப்பா பூந்திய பாக்கணுமாம்" என்று போனை இவர் பக்கம் தள்ளிவிட்டாள். மோகன்குமார் தன் முகம் தெரிந்துவிடாமல் போனைத் திருப்பிப் பூனையின் முன்னால் நீட்டினார்.

"பூந்தி சாப்டுச்சாப்பா?" என்று போனுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"சாப்டுச்சு" என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் ஆரம்பித்ததுதான். மறுநாளும் அந்த நேரத்துக்குச் சொர்ணலட்சுமியின் கையில் மாவு இருந்தது. அதற்கடுத்த நாளும் இருந்தது. அந்த வாரம் அவர்கள் சாப்பிட்ட இட்லிக்கு அளவே இல்லை. மோகன்குமார் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு வர ஆரம்பித்தார். அப்பாவும் மகளும் பூனையைப் பற்றி மட்டும் பேசினார்கள். என்ன சாப்பிட்டது, எங்கே படுத்தது, முடி கொட்டுகிறதா என்பது தவிர வேறு எதையும் இரண்டு பேரும் தொடவில்லை. மகள் இளைத்திருக்கிறாளா, சளி பிடித்திருக்கிறதா என்று அவள் குரலை அவர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார். ஆனால் அதை விசாரிக்க வாய் வராது. வாசப்படி ஏறாதே என்று சொன்னவன் எந்த வாயால் சாப்பிட்டாயா என்று கேட்பான்? பூனை சாப்பிட்டதைச் சொல்லத்தான் அவருக்கு உரிமை இருந்தது. அதை வைத்துத்தான் அவர் நாளை ஓட்டிக்கொண்டிருந்தார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது கவுன்சிலர் பூந்தியின் காதைக் கடித்துவிட்டது.

அடுப்படி ஜன்னலில் ஒரு கண்ணாடி இல்லை. பூந்தி போய்வருவதற்காகத் தமிழ்மதியே கழற்றிவைத்த கண்ணாடி. அந்த வழியாகத்தான் கவுன்சிலரும் வந்துபோனது. காது வீங்கிச் சீழ் வைத்து, மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, ஊசி போட்டு வந்தார்கள். ஜன்னலை அடைத்துப் பார்த்தார்கள். வெளியே போக வழியில்லாத பூந்தி, மண் நிரப்பி வைத்த தட்டை ஏறெடுத்தும் பார்க்காமல் அரிசி மூட்டையில் போய் வேலையை முடித்தது. சொர்ணலட்சுமி ஜன்னலைத் திறந்துவிட்டாள். கவுன்சிலர் திரும்ப வந்து இன்னொரு காதையும் ஒரு கை பார்த்துவிட்டுப் போனது.

அன்று சாயங்காலம் தமிழ்மதி போனில் அந்தக் காதைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"உங்களால பாத்துக்க முடியலேன்னா நான் பூந்திய இங்க கூட்டிக்கிறேன்ப்பா. வீடு மாறிட்டோம். இந்த ஓனர் பூனை வளத்தா ஒண்ணும் சொல்ல மாட்டார். தாய்மாமாவ விட்டுக் கொண்டாரச் சொல்றேன்."

மோகன்குமார் எதிரே படுத்திருந்த பூந்தியைப் பார்த்தார். பூனை போய்விட்டால் போன் எதற்கு? சாயங்காலம் அவள் இவரிடம் கேட்க என்ன இருக்கும்? அம்மாவிடம் பேசுவாள், வைத்துவிடுவாள். இவர் பழையபடி டிவியைச் சின்னதாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

"ஏன், எனக்கென்ன கதவு போடத் தெரியாதா? நம்ம பூனை மட்டும் வார மாதிரி ஒரு வழி பண்ணிட்டாப் போச்சு" என்றார். சொல்லும்போது அது எவ்வளவு சின்ன வேலை என்று நினைத்தாரோ அவ்வளவு பெரிய வேலையாகத்தான் அது முடிந்தது.

பூனைக்கென்று கதவு விற்கிறார்கள் என்பதே அவருக்கு அப்போதுதான் தெரியும். கடையில் உட்கார்ந்து போனில் தேடினால் பக்கம் பக்கமாக வந்தது. சும்மா தள்ளினால் திறக்கிற மடல் வைத்தது ஒன்று. உள்ளே வரலாம் வெளியே போகக் கூடாது, வெளியே போகலாம் உள்ளே வரக் கூடாது என்று திருகி வைக்கிற தாழ்ப்பாள் உள்ளது ஒன்று. பூனையின் கழுத்துப் பட்டையில் காந்தம் கட்டினால் அந்தக் காந்தத்துக்கு மட்டும் திறக்கிறது ஒன்று. பூனையின் தோலுக்கடியில் அரிசி அளவில் சிப் வைத்து அதைப் படித்துத் திறக்கிறது ஒன்று.

சிப் வைப்பதுதான் நல்லது என்றாள் தமிழ்மதி. "அவரும் அதத்தான் சொல்றாருப்பா" என்று ஒரு வார்த்தையைச் சேர்த்தாள். அந்த 'அவரு' என்ற சொல் காதில் விழுந்ததும் மோகன்குமாருக்குச் சிப்பின் மேல் நம்பிக்கை போய்விட்டது. பூட்டுக்கடைக்காரனுக்குப் பூட்டைப் பற்றிப் பாடம் எடுக்க ஒரு எலக்ட்ரானிக்ஸ்காரன் வேண்டுமா என்று நினைத்தவர், தன் அனுபவம் முழுவதையும் திரட்டித் தாழ்ப்பாள் வைத்த கதவை வரவழைத்தார்.

ஆசாரி ஆண்டிச்சாமி ரம்பத்தை எடுக்குமுன் பின்கதவைத் தடவிப் பார்த்தார். "நல்ல தேக்குண்ணே. யோசிச்சுக்கங்க."

"யோசிச்சாச்சு. அறுங்க."

"வாசக் கதவுல கை வச்சா நான் பொறந்த வீட்டுக்குப் போயிருவேன், பின்கதவுல என்ன வேணா பண்ணிக்கங்க" என்று சொர்ணலட்சுமி ஏற்கெனவே அனுமதி கொடுத்திருந்தாள். ஆண்டிச்சாமி அறுத்து முடித்துக் கதவைப் பொருத்தினார். ஜன்னலுக்குக் கண்ணாடியும் போட்டாயிற்று. தாழ்ப்பாளின் லட்சணம் அன்றைக்கே தெரிந்தது. பூந்தி வெளியே இருக்கும்போது உள்ளே வர மட்டும் என்று திருகிவைத்தால் அந்த வழியில் கவுன்சிலரும் வரலாம். யாருமே வரக்கூடாது என்று திருகினால் பூந்தியும் வரமுடியாது. ஆகவே பூந்தி எப்போது வருகிறது என்று பார்த்து அந்த நேரத்தில் திருகிவிட ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் மோகன்குமார்தான். கடையில் வேலையாள் இருக்க, வீட்டில் முதலாளி பூனைக்கு வாட்ச்மேன் வேலை பார்த்தார். "கதவத் தெறந்து விடுறதுக்கு ஒரு மனுஷன் வேணும்னா, அதுக்கு அந்தப் பெரிய கதவு பத்தாதா?" என்று சொர்ணலட்சுமி கேட்டாள். நியாயமான கேள்விதான்.

அதைக் கழற்றிவிட்டுக் காந்தக் கதவை வரவழைத்தார். தாழ் மேல் பக்கம் இருந்தது. பூந்தியின் கழுத்துக் காந்தம் கிட்டே வந்தால் தாழ் டக்கென்று தூக்கிக்கொள்ளும், மடல் திறக்கும். மற்ற பூனைகள் தலையால் முட்டினாலும் அசையாது. திண்டுக்கல்லில் இத்தனை காலம் பூட்டு விற்ற தனக்கே இப்படி ஒரு பூட்டு தோன்றவில்லையே என்று அதைத் திறந்து மூடித் திறந்து மூடி ரசித்தார்.

காந்தத்தால் வந்த வினைகளும் உண்டு. கடைச் சரக்கில் பாதி பின்கட்டில்தான் கிடந்தது. பூந்தி அதற்குள் புகுந்து வந்தால் கழுத்தில் இரண்டு ஸ்பிரிங்கும் ஒரு ஆணியும் தொங்கும். ஒரு தடவை அடுப்பு மேடையில் ஏறித் தோசைக்கல்லோடு கழுத்து ஒட்டிக்கொண்டு, பயந்து குதித்ததில் கல்லும் கீழே, தோசையும் கீழே. இன்னொரு நாள் தாளிக்கிற இரும்புக் கரண்டியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தெருவைச் சுற்றிவிட்டு வந்தது. அடுத்த வீட்டுக் கமர்ஜஹான் சுவருக்கு மேலே எட்டி, "சொர்ணம், ஒங்க பூனை சமையலுக்குப் போகுதா?" என்று கேட்டாள். அதையெல்லாம் மோகன்குமார் சாயங்காலம் போனில் ஒன்று விடாமல் சொன்னார். மகள் சிரித்தாள். ஆவணிக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் சிரித்துக் கேட்டார். தோசைக்கல் விழுந்த கதையை மறுநாளும் இன்னொரு தடவை சொன்னார்.

எல்லாம் சரிதான். ஆனால் கவுன்சிலர் வருவது நிற்கவில்லை.

முதலில் ஒன்றிரண்டு நாள் வரவில்லை. பிறகு பழையபடி வந்தது. கூட ஒரு சாம்பல் பூனையையும் கூட்டிக்கொண்டு வந்தது. பூந்தி கழுத்துப் பட்டையோடு கட்டிலில் தூங்கிக்கொண்டிருக்க, அவை இரண்டும் காந்தமும் இல்லாமல் ஒன்றும் இல்லாமல் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தன. மோகன்குமார் விற்றவனைப் போனில் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினார். அவர்கள் வேறு கதவு அனுப்பினார்கள். அதைப் பொருத்தியும் அதே கதைதான். கவுன்சிலருக்கு ஏதோ சூட்சுமம் தெரிந்திருக்கிறது, தலையை எந்தக் கோணத்தில் வைத்தால் தாழ் தூக்கும் என்று கண்டுபிடித்துவிட்டது என்று அவர் கடையில் உட்கார்ந்து வாஹித்துக்கு விளக்கினார். வாஹித் இந்தத் தடவையும் பெரிய மனதோடு டீயைக் குடித்தார்.

பூந்தியின் கழுத்தில் புதிதாக ஒரு கீறல் விழுந்தது. சாயங்காலம் அதைப் பார்த்த தமிழ்மதி, "போதும்ப்பா. வர்ற ஞாயித்துக்கெழமை மாமாவ வரச் சொல்றேன்" என்றாள்.

"செத்த பொறு பாப்பா. கதவுல ஏதோ கோளாறு. சரி பண்ணிர்றேன்."

"ரெண்டு கதவுலயுமா கோளாறு?"

அப்போது அந்தப் பக்கம் ஒரு ஆண் குரல் மெதுவாக என்னவோ சொன்னது. தமிழ்மதி தயங்கினாள். "அப்பா, அவரு ஒண்ணு கேக்கச் சொல்றாரு. கேக்கட்டுமா?"

மோகன்குமார் பூந்தியின் பட்டையை இழுத்துச் சரி பண்ணினார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

"காந்தம் ஒண்ணுதான் இருக்கா, இல்ல கூட வேற எதுவும் வாங்குனீங்களான்னு கேக்குறாரு."

வாங்கியிருந்தார். வாங்காமல் எப்படி இருப்பார்? பெட்டியைப் பிரித்த அன்றே கம்பெனிக்குப் போன் செய்து, ஒரு பூட்டுக்கு ஒரே ஒரு சாவி கொடுக்கிற வியாபாரத்தை இந்த ஊரில் யாரும் செய்ததில்லை என்று சத்தம் போட்டு, ஸ்பேர் சாவியாக இன்னொரு காந்தத்தை வரவழைத்திருந்தார். பூனை பட்டையைத் தொலைத்துவிட்டு வந்தால் உடனே கைக்குக் கிடைக்க வேண்டும் இல்லையா? அதற்காக அதைப் பத்திரமான ஒரு இடத்தில் வைத்திருந்தார். கதவு மாறியபோதும் அந்த இடம் மாறவில்லை. எந்த இடம் என்று நினைத்துப் பார்த்ததும் அவருக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது.

போனைக் கையில் பிடித்தபடியே பின்கதவுப் பக்கம் போய்க் குனிந்தார். பூனைக் கதவின் சின்ன நிலைக்கு மேலே, தாழுக்கு நேராக, ஸ்பேர் காந்தம் உட்கார்ந்திருந்தது. நிலைக்கு மேலே சாவி. தாழ் முழுதாகத் தூக்கிக்கொண்டு நின்றது. வைத்த நாளிலிருந்து அப்படித்தான் நின்றிருக்கும். தெருவில் போகிற எந்தப் பூனைக்கும், எலிக்கும்கூட, வீடு திறந்தே கிடந்திருக்கிறது. கவுன்சிலருக்குச் சூட்சுமம் ஒன்றும் தெரியாது. அது பாட்டுக்குக் கதவைத் தள்ளியது, கதவு திறந்தது.

காந்தத்தை எடுத்தார். தாழ் டக்கென்று விழுந்தது. போனில் அந்தச் சத்தம் கேட்டிருக்க வேண்டும்.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்ல."

"ஸ்பேர் எங்கப்பா வச்சிருந்தீங்க?"

மோகன்குமார் உண்மையைச் சொன்னார். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்தது. கோபம்தான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நியாயமாகப் பார்த்தால் தனக்கே சிரிப்பு வர வேண்டிய இடம்தான். அந்தப் பையன் ஒரே கேள்வியில் கண்டுபிடித்துவிட்டு, தானே பேசாமல் இவளை விட்டுக் கேட்கச் சொன்னதுதான் மனதில் தைத்தது. பெரிய கடைக்காரர் கூச்சப்படக் கூடாது என்று நினைத்திருக்கிறான். கல்யாணத்துக்கு வராத மனிதருக்கு இத்தனை மரியாதை தேவையே இல்லை.

ஸ்பேர் காந்தம் பீரோவுக்குள் போனது. அன்றிலிருந்து கதவு வேலை செய்தது. கவுன்சிலர் வந்து முட்டிப் பார்த்தது, கமர்ஜஹான் வீட்டுப் பக்கம் போய்விட்டது. சாம்பல் பூனையும் வருவதை நிறுத்தியது. பூந்திக்குக் காயம் ஆறி முடி முளைத்தது. ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்த மச்சினனும் வரவில்லை. பூனை இங்கேயே இருக்கட்டும் என்று தமிழ்மதி சொல்லிவிட்டாள். ஜெயித்துவிட்டோம் என்று மோகன்குமார் நாலைந்து நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார்.

பிறகுதான் விஷயம் உறைத்தது.

"பூந்தி எப்படிப்பா இருக்கு?"

"நல்லா இருக்கு."

"கவுன்சிலர் வந்துச்சா?"

"வரல."

"சரிப்பா. அம்மாகிட்ட குடுங்க."

அவ்வளவுதான் பேச்சு. மறுநாளும் நல்லா இருக்கு, வரலை, அம்மாவிடம் கொடுங்கள். பூனை சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறது, தூங்கி எழுந்து சாப்பிடுகிறது. அதில் சொல்ல என்ன இருக்கிறது? காது சீழ் பிடித்தபோது அரை மணி நேரம் பேசியவள் இப்போது மூன்று வார்த்தையில் முடித்துக்கொள்கிறாள். கவுன்சிலரை விரட்டியது தன் வாயில் தானே போட்டுக்கொண்ட மண் என்று மோகன்குமாருக்குப் புரிந்துபோனது. ஒரு நாள் கடையிலிருந்து வரும்போது பிரியாணிக் கடை வாசலில் கவுன்சிலரைப் பார்த்தார். அது எலும்பைக் கடித்துக்கொண்டு இவரைக் கண்டுகொள்ளவே இல்லை. "வீட்டுப் பக்கம் காணோமே" என்று கேட்க வாயெடுத்து, பக்கத்தில் ஆள் இருந்ததால் விட்டுவிட்டார்.

அன்று சாயங்காலம் அவர் தன் முதல் பொய்யைச் சொன்னார்.

"கவுன்சிலர் இன்னிக்கு வந்துருச்சு பாப்பா."

"அய்யய்யோ, எப்படிப்பா?"

எப்படி என்று யோசித்து வைத்திருக்கவில்லை. பூந்தி நுழையும்போது பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது என்றார். அது நன்றாகவே ஓடியது. மறுநாள், கவுன்சிலர் கதவுக்கு வெளியே உட்கார்ந்து ஆணியைக் கடித்துப் பார்க்கிறது என்றார். இன்னொரு நாள், காந்தம் இருப்பது அதற்குத் தெரிந்துவிட்டது, எங்கேயோ போய்க் கழுத்தில் ஒரு பழைய பூட்டைக் கட்டிக்கொண்டு வந்து நின்றது என்று சொன்னார். சொல்லி முடித்ததும் அவருக்கே அது கொஞ்சம் அதிகமாகப் பட்டது. ஆனால் தமிழ்மதி கேட்டுக்கொண்டாள். அப்புறம் என்ன ஆச்சு, நீங்க என்ன பண்ணீங்க, பூந்தி என்ன பண்ணுச்சு என்று கேட்டுக் கேட்டுக் கேட்டாள். மோகன்குமார் பகலில் கடையில் உட்கார்ந்து சாயங்காலத்துக்குக் கதை கட்டினார். சொர்ணலட்சுமி அடுப்படியில் வெங்காயம் உரித்தபடி எல்லாவற்றையும் கேட்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவும் அவரை வதைத்தது.

இப்படி மாசி மாதம் முழுக்க ஓடியது. ஒரு நாள் அவர் கதையை ஆரம்பித்ததும் தமிழ்மதி குறுக்கிட்டாள்.

"அப்பா."

"ம்."

"கதவு நல்லாத்தான் இருக்காம்ல. ஒரு பூனையும் வரலையாம்ல. அம்மா அன்னிக்கே சொல்லிட்டாங்க."

அடுப்படியில் கத்தி நகரும் சத்தம் நின்றது. வாங்கு வாங்கென்று வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறோம், இத்தோடு இதுவும் போயிற்று என்று மோகன்குமார் நினைத்தார். போனை வைத்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

"அன்னிக்கேன்னா?" என்று கேட்டார்.

"மொத நாளே."

மொத நாளே தெரியும். கழுத்தில் பூட்டைக் கட்டிக்கொண்டு வந்த கதையையும் தெரிந்துதான் கேட்டிருக்கிறாள். அப்புறம் அப்புறம் என்று கேட்டதெல்லாம் தெரிந்துதான் கேட்டிருக்கிறாள்.

"அதுனால என்னப்பா" என்றாள். அவள் குரல் ஒரு மாதிரி இருந்தது. "சொல்லுங்க. இன்னிக்கு என்ன பண்ணுச்சு?"

மோகன்குமார் போனைத் திருப்பினார். அத்தனை மாதமாகப் பூனையின் பக்கமே பார்த்திருந்த போன் முதல் தடவையாக அவர் முகத்துக்கு வந்தது. மகள் கொஞ்சம் இளைத்துத்தான் இருந்தாள். கண் கலங்கியிருந்தது. தன்னுடைய முகமும் மூலையில் சின்னதாகத் தெரிந்தது. அது பார்க்கச் சகிக்கவில்லை.

"கதவு சரியில்ல பாப்பா" என்றார்.

"சரியில்லையா?"

"ஆமா. அம்மாவுக்கு அதெல்லாம் தெரியாது. வெளிய பாக்கத்தான் நல்லா இருக்கு. உள்ள ஏதோ கோளாறு. போன்ல சொல்லிப் புரியாது, நேர்ல வந்து பாத்தாத்தான் தெரியும்." பூந்தியை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அவரயும் கூட்டிட்டு வா. எலக்ட்ரானிக்ஸ் படிச்சவருல்ல. நான் பழைய பூட்டுக்காரன், எனக்கு இது பிடிபடல."

தமிழ்மதி புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"வாசல் வழியாத்தானப்பா வரணும்?"

"பின்ன? பெரிய கதவு எதுக்கு இருக்கு. நாந்தான் கிறுக்குத்தனமா என்னமோ சொன்னேன். அத இன்னுமா நெனப்புல வச்சிருக்க." அவள்தான் நினைப்பில் வைத்திருக்கிறாள் என்பது மாதிரி சொல்லிவிட்டோமே என்று உடனே வருத்தமாக இருந்தது. "சாப்டியா?" என்று கேட்டார்.

"இனிமேதான்ப்பா."

"அவரு?"

"அவரும் இனிமேதான்." திரும்பி யாரிடமோ என்னவோ சொன்னாள். "டூல்ஸ் எடுத்துட்டு வரணுமான்னு கேக்குறாருப்பா."

"எடுத்துட்டு வரச் சொல்லு" என்றார் மோகன்குமார்.

சனிக்கிழமை காலையில் வருகிறோம் என்று சொல்லிப் போனை வைத்தாள். அவர் கொஞ்ச நேரம் அணைந்த போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அழ வேண்டும்போல இருந்தது. அழாமல் எழுந்து, மேஜை டிராயரில் ஸ்க்ரூ டிரைவரைத் தேடி எடுத்துக்கொண்டு பின்கதவுக்குப் போய்க் கீழே உட்கார்ந்தார். நன்றாக இருக்கிற கதவை வைத்துக்கொண்டு மாப்பிள்ளைக்கு என்ன வேலை கொடுப்பது? ஒரு ஸ்க்ரூவைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டார். இன்னொன்றையும் கழற்றினார். மடல் ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்கியது. பூந்தி வந்து அதை மோந்து பார்த்தது.

நிழல் விழ, நிமிர்ந்தார். சொர்ணலட்சுமி நின்றுகொண்டிருந்தாள். அவள் கண்ணும் சிவந்திருந்தது, வெங்காயத்தின் மேல் பழி போட்டுக்கொள்ளலாம்.

"ரெண்டு ஸ்க்ரூதானா?" என்றாள். "அர மணி நேரத்துல மாட்டிட்டுக் கெளம்பிருவாக. இன்னும் நல்லாக் கழட்டுங்க. ரெண்டு நாளாவது தங்க வேணாமா?"

மோகன்குமார் மறுபடி குனிந்து மூன்றாவது ஸ்க்ரூவில் கை வைத்தார்.